ஒரு விரல் போனால் எத்தனை சதவீதம்? சட்டத்தின் கணக்கும் கையின் கணக்கும்

முதலில் ஒரு சின்ன சோதனை. ஒரு கையின் மோதிர விரலை மட்டும் இன்னொரு கையால் நேராக நீட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது மீதி விரல்களை இறுக மடக்கிப் பாருங்கள். நடுவிரலும் சுண்டுவிரலும் பாதி வரை வந்து நின்றுவிடும், நுனி உள்ளங்கையைத் தொட மறுக்கும். அவற்றுக்கு எந்தக் காயமும் இல்லை. பக்கத்து விரல் ஒன்று மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, வேலை செய்யும் இடத்தில் விரலை இழந்தவர்களுக்கு நம் நாட்டில் இழப்பீடு எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பார்ப்போம். மோதிர விரல் முழுதாகப் போனால் 7 சதவீதம். சுண்டுவிரல் 7. நடுவிரல் 12. ஆள்காட்டி விரல் 14. கட்டைவிரல் 30. மளிகைக்கடை விலைப்பட்டியல் போல விரல் விரலாக ஒரு பட்டியல் இருக்கிறது.

அம்பத்தூரிலும் ஒரகடத்திலும் ஓசூரிலும் கோவையிலும் பவர் பிரஸ் ஓட்டுகிற ஆயிரக்கணக்கான இளைஞர்களின் கைகளுக்கு இந்தப் பட்டியல்தான் விலை சொல்கிறது. ஆனால் கை அந்தக் கணக்கில் வேலை செய்வதில்லை. எங்கே இடிக்கிறது, விபத்து நடந்தால் என்ன செய்யலாம், எதைக் கேட்டு வாங்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

நாட்டின் 29 தொழிலாளர் சட்டங்களைச் சுருக்கி உருவாக்கிய நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்தது. பணியிட விபத்துக்கான இழப்பீடு இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் கீழ் வருகிறது. இதற்கு முன்பு அதைப் பார்த்துக்கொண்டது 1923-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்.

புதிய தொகுப்பில் மாறியவை உண்டு. உதாரணமாக, வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், பணியிட விபத்தாகவே கருதப்படும். ஆனால் விரல்களுக்கான பட்டியலின் அடிப்படை மாறவில்லை. பழைய சட்டத்தின் அட்டவணையில் இருந்த அதே முறை புதிய தொகுப்பின் அட்டவணையிலும் தொடர்கிறது. இஎஸ்ஐ சட்டத்தில் இருந்ததும் ஏறத்தாழ இதே பட்டியல்தான்.

பட்டியல் சொல்வது என்ன?

சதவீதம் என்றால் கையின் சதவீதம் அல்ல. 'சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போய்விட்டது' என்பதுதான் இங்கே கணக்கு.

- கட்டைவிரல் முழுவதும்: 30. நுனிக் கணு மட்டும் போனால்: 20
- ஆள்காட்டி விரல் முழுவதும்: 14. இரண்டு கணு: 11. ஒரு கணு: 9. எலும்பு போகாமல் நுனிச் சதை மட்டும் என்றால்: 5
- நடுவிரல் முழுவதும்: 12
- மோதிர விரல் அல்லது சுண்டுவிரல் முழுவதும்: 7
- ஒரே கையில் இரண்டு விரல்கள்: 20. மூன்று விரல்கள்: 30. நான்கு விரல்கள்: 50

இதிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, கூட்டினால் 26. ஆனால் 'இரண்டு விரல்கள்' என்ற வரியில் இருப்பது 20. மோதிர விரலும் சுண்டுவிரலும் தனித்தனியாக 7, கூட்டினால் 14. இரண்டும் சேர்ந்து போனால் 20. அதாவது விரல்களைத் தனித்தனியாகக் கூட்டினால் கணக்கு வராது என்பது பட்டியலுக்கே தெரிந்திருக்கிறது. எந்த இரண்டு விரல் என்பதைத்தான் அது கேட்கவில்லை.

ரூபாயில் எவ்வளவு?

பழைய சட்டத்தின் கணக்கு இது: மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். அதுதான் முழு ஊனத்துக்கான தொகை. அதில் பட்டியலின் சதவீதம் எவ்வளவோ அது கைக்கு வரும். சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், 2020 ஜனவரி அறிவிக்கையின்படி கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு மாதம் 15,000 ரூபாய்.

25 வயதுக்காரர் ஒருவர், சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதம் 9,000 ரூபாய். 25 வயதுக்கான எண் 216.91. பெருக்கினால் 19,52,190 ரூபாய். இதில்,

- கட்டைவிரலுக்கு: 5,85,657 ரூபாய்
- ஆள்காட்டி விரலுக்கு: சுமார் 2,73,300 ரூபாய்
- சுண்டுவிரலுக்கு: சுமார் 1,36,650 ரூபாய்

அந்த இளைஞர் 22,000 வாங்கினாலும் கணக்கு 15,000-க்குத்தான். அவர் முன்னால் இன்னும் முப்பது, முப்பத்தைந்து வருட வேலை வாழ்க்கை இருக்கிறது.

இஎஸ்ஐ இருந்தால்?

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, இஎஸ்ஐ-யில் பதிவானவர் என்றால் வழி வேறு. அவர் மொத்தத் தொகை கேட்டு இழப்பீட்டு ஆணையரிடம் போக முடியாது. இஎஸ்ஐ-யே பார்த்துக்கொள்ளும். சிகிச்சைக் காலம் முழுக்க தினக்கூலியில் 90 சதவீதம். பிறகு நிரந்தர இழப்பு இருந்தால், மருத்துவ வாரியம் சொல்லும் சதவீதப்படி ஆயுள் முழுக்க மாதாமாதம் ஒரு தொகை.

சராசரி தினக்கூலி 500 ரூபாய் என்றால் அதில் 90 சதவீதம் 450. ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 63 ரூபாய். மாதம் ஏறத்தாழ 1,890 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் சாகும்வரை வரும், சிகிச்சைச் செலவும் தனியாகப் பார்க்கப்படும். அதனால் 'இஎஸ்ஐ எதுக்குங்க, கையில காசா வாங்கிக்கிறேன்' என்று விட்டுவிடக்கூடாத விஷயம் இது. பணியிடக் காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

நடைமுறையில் என்ன நடக்கிறது? வாகன உதிரிபாகத் தொழிலில் நடக்கும் விபத்துகளைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் 'க்ரஷ்ட்' என்ற பெயரில் அறிக்கை வெளியிடுகிறது. அது திரும்பத் திரும்பச் சொல்வது இரண்டு விஷயம். ஒன்று, விரல்களை அதிகம் நசுக்குவது பவர் பிரஸ். இரண்டு, காயம்பட்டவர்களில் பலருக்கு இஎஸ்ஐ அட்டையே விபத்துக்குப் பிறகுதான் கைக்கு வருகிறது.

சரி, கை எப்படித்தான் வேலை செய்கிறது?

ஒரு கையில் 27 எலும்புகள். மணிக்கட்டில் எட்டு, உள்ளங்கையில் ஐந்து, விரல்களில் 14. கட்டைவிரலுக்கு மட்டும் இரண்டு கணு, மற்றவற்றுக்கு மூன்று.

பலருக்கும் தெரியாத ஒன்று, விரலுக்குள் அதை அசைக்கும் தசை கிடையாது. ஒரு கையால் இன்னொரு முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டிப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே சதை துடிப்பது தெரியும். விரலை மடக்கும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு போல தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்குள் ஓடுகின்றன. பொம்மலாட்டக் கயிறு மாதிரி. சின்னச் சின்ன நுட்ப அசைவுகளுக்கான குட்டித் தசைகள் உள்ளங்கையில் இருக்கின்றன.

நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றின் நுனியையும் மடக்கும் நாண்கள் பெரும்பாலும் ஒரே தசையிலிருந்து கிளம்புகின்றன. அதனால்தான் தொடக்கத்தில் செய்த சோதனையில் ஒன்றைப் பிடித்தால் மற்றவை நின்றன. கை அறுவை மருத்துவர்கள் இதற்கு 'குவாட்ரிகா விளைவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய ரோமாபுரியில் நான்கு குதிரை பூட்டிய தேரின் பெயர் அது. ஒரு குதிரையின் கடிவாளம் சிக்கினால் நான்கும் தடுமாறும். நடுவிரலின் நாண் தழும்பில் ஒட்டிக்கொண்டால், அடியே படாத சுண்டுவிரலும் முழுதாக மடங்காது.

அடுத்தது பிடி. பொத்தானைப் போட, நாணயத்தைப் பொறுக்க, ஸ்க்ரூவைப் பிடிக்க கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். சுத்தியல், ஸ்பேனர், கடப்பாரை, பைக் ஹேண்டில் பாரை இறுகப் பிடிக்க வேண்டுமென்றால் வேலை செய்வது மோதிர விரலும் சுண்டுவிரலும். பட்டியலில் கடைசியில் நிற்கும் அந்த இரண்டும்தான் பிடியின் வலுவில் பெரும் பங்கைக் கொடுக்கின்றன. ஆகவே ஒரு ஃபிட்டருக்குச் சுண்டுவிரலும், ஒரு தையல்காரருக்கு ஆள்காட்டி விரல் நுனியும் போவது ஒரே மாதிரி இழப்பு இல்லை.

மூன்றாவது உணர்ச்சி. இதைப் புரியவைத்ததில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1940-களின் கடைசியில் வேலூர் சிஎம்சி-யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். நன்றாக இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிப் பூட்டினார். அவர் எடுத்துக்காட்டிய இன்னொரு விஷயம், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூடுபட்டும் அடிபட்டும் தேய்ந்துபோகின்றன என்பது. மரத்துப்போன விரல், இருந்தும் ஆபத்தான விரல். பட்டியலின் பெரும்பகுதி எவ்வளவு நீளம் வெட்டுப்பட்டது என்பதை அளக்கிறது. மரத்துப்போனதற்கும் விறைத்துப்போனதற்கும் அதில் எண் இல்லை.

துண்டான விரலை ஒட்டவைக்க முடியுமா?

முடியும். எல்லா விரலையும் அல்ல.

1962-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு சிறுவனின் துண்டான கை முதன்முதலாக வெற்றிகரமாக இணைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு சீனாவின் ஷாங்காயில் மருத்துவர் சென் சோங்வெய் ஒரு தொழிலாளியின் துண்டான கையை இணைத்தார். விரல் அதைவிடக் கடினம். 1965-ல் ஜப்பானின் நாராவில் கோமாட்சு, தமாய் என்ற இரு மருத்துவர்கள் முழுதாகத் துண்டான கட்டைவிரலை நுண்ணோக்கியின் உதவியோடு ஒட்டினார்கள்.

ஏன் கடினம்? விரலின் ரத்தக்குழாய் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன். அதைத் தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. முதலில் எலும்பைக் கம்பியால் நிறுத்த வேண்டும். பிறகு நாண்கள், தமனி, நரம்பு, சிரை, தோல். ஒரு விரலுக்கே பல மணி நேரம் ஆகும்.

நேரம் எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் மேலே சொன்ன உடற்கூறுதான் பதில். ரத்தம் இல்லாமல் சீக்கிரம் சாவது தசை. விரலில் தசை இல்லை. அதனால் விரல் கொஞ்சம் தாங்கும். மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் இது: சாதாரண வெப்பநிலையில் விரல் சுமார் 12 மணி நேரம், முறையாகக் குளிர்ச்சியில் வைத்தால் சுமார் 24 மணி நேரம். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் தசையும் சேர்ந்து போகிறது. அப்போது இந்த அவகாசம் 6 மணி நேரமாகவும், குளிர்ச்சியில் 12 மணி நேரமாகவும் சுருங்கிவிடும்.

விபத்து நடந்த அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

இந்தப் பகுதியை மட்டுமாவது ஷிஃப்ட் சூப்பர்வைசர்கள் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டலாம்.

1. மெஷினை நிறுத்துங்கள். காயத்தின்மீது சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். கயிறு, வயர் கொண்டு இறுக்கிக் கட்ட வேண்டாம்.
2. மோதிரம், கடிகாரம் இருந்தால் உடனே கழற்றுங்கள். வீக்கம் வந்தபின் கழற்ற முடியாது.
3. துண்டான பாகத்தைத் தேடி எடுங்கள். சின்னத் துண்டானாலும் தூக்கி எறிய வேண்டாம். பயன்படுமா இல்லையா என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.
4. அழுக்கு இருந்தால் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசுங்கள். தேய்க்கக் கூடாது.
5. ஈரமான சுத்தத் துணியிலோ காஸ் துணியிலோ சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடுங்கள். அந்தப் பையை, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையிலோ டப்பாவிலோ வையுங்கள்.
6. ஐஸ் நேரடியாக விரலில் படக்கூடாது. பட்டால் திசு உறைந்து செத்துவிடும். ஃப்ரீசரிலும் வைக்கக் கூடாது.
7. மஞ்சள்தூள், காபித்தூள், டெட்டால், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம்.
8. பாதி தொங்கிக்கொண்டிருந்தால் அறுத்து எடுத்துவிட வேண்டாம். ஒரு துளி தோல் ஒட்டியிருந்தாலும் அதன் வழியாக ரத்தம் திரும்பிப் போக வாய்ப்பு இருக்கிறது. அப்படியே தாங்கிக் கட்டி அழைத்துச் செல்லுங்கள்.
9. சாப்பாடு, டீ, ஜூஸ் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.
10. 108-ஐ அழையுங்கள். மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் போட்டு, 'துண்டான விரலை ஒட்டவைக்கிற வசதி இருக்கா?' என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த இடம்.

கடைசி வரி சாதாரணமாகத் தெரியலாம். பல விரல்கள் போவது அங்கேதான். பக்கத்து நர்சிங் ஹோம், அங்கிருந்து தாலுகா மருத்துவமனை, அங்கிருந்து மாவட்டத் தலைநகர் என்று சுற்றுவதற்குள் அவகாசம் தீர்ந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் இதற்கான இடங்கள் இல்லாமல் இல்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனி ஆராய்ச்சி, மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. மருத்துவர் ஆர்.வெங்கடசாமி வளர்த்தெடுத்த துறை அது. 2018 பிப்ரவரியில் இரண்டு கைகளையும் இழந்த ஒருவருக்கு மூளைச்சாவு அடைந்தவரின் கைகளைப் பொருத்தும் அறுவை சிகிச்சை அங்கேதான் நடந்தது. கோவை கங்கா மருத்துவமனையும் வேலூர் சிஎம்சி-யும் கை அறுவை சிகிச்சையில் பேர்பெற்றவை. திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தத் திறமை இருக்கும் இடமும் பிரஸ் ஓடும் இடமும் ஒன்றல்ல.

சாலை விபத்துக்கு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற திட்டம் வந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு எந்த மருத்துவமனைக்குப் போகலாம், செலவு யாருடையது என்ற குழப்பத்தை அது பெருமளவு குறைத்தது. சாலை விபத்துகளுக்கான அந்தத் திட்டத்தில் பிரஸ்ஸில் மாட்டிய கைக்கு இடமில்லை.

எந்த விரலை ஒட்டுவார்கள், எதை விடுவார்கள்?

நேரத்துக்கு வந்துவிட்டால் மட்டும் போதாது. கத்தி போல நேராக வெட்டுப்பட்டிருந்தால் வாய்ப்பு அதிகம். நசுங்கியோ, பிய்த்து இழுக்கப்பட்டோ இருந்தால் ரத்தக்குழாய் உள்ளே நெடுந்தூரம் கிழிந்திருக்கும். பவர் பிரஸ் பெரும்பாலும் நசுக்குகிறது. அதுதான் சோகம்.

கட்டைவிரல், ஒன்றுக்கு மேற்பட்ட விரல்கள், குழந்தைகளின் விரல்கள், உள்ளங்கை அல்லது மணிக்கட்டு என்றால் முடிந்தவரை முயல்வார்கள். கட்டைவிரல் மட்டும் தனி. பிடிப்பு என்ற செயலில் பாதியே அதுதான் என்று மருத்துவர்கள் சொல்வது வழக்கம். ஒட்ட முடியாமல் போனாலும் பின்னால் ஒரு வழி உண்டு. காலின் பெருவிரலையோ அடுத்த விரலையோ எடுத்துக் கையில் கட்டைவிரலாகப் பொருத்துவது. கால் அந்த இழப்பைச் சமாளித்துக்கொள்ளும், கையால் முடியாது.

ஒரே ஒரு விரல், அதுவும் அடிப்பகுதியில் துண்டானது என்றால் சில சமயம் மருத்துவரே 'ஒட்ட வேண்டாம்' என்பார். கேட்பவருக்கு அலட்சியமாகத் தோன்றும். காரணம் இருக்கிறது. உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து விரலின் நடுக்கணு வரை உள்ள பகுதியில், இரண்டு நாண்கள் ஒரு குறுகிய உறைக்குள் ஒன்றோடொன்று உரசி ஓடுகின்றன. அங்கே தைத்தால் தழும்பில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஒரு காலத்தில் அறுவை மருத்துவர்களே அதற்கு 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்று பெயர் வைத்து, தைக்கப் பயந்தார்கள். அங்கே ஒட்டிய விரல் உயிரோடு இருக்கும், ஆனால் குச்சி மாதிரி விறைத்து மற்ற விரல்களையும் தடுக்கலாம். மறுபடி அந்தத் தேர்க் கதைதான்.

அறுவை முடிந்தால் கதை முடிந்ததா?

பாதிதான் முடிந்தது. தைத்த நாண் முதல் சில வாரங்கள் பலவீனமாக இருக்கும். அசைத்தால் அறுந்துவிடும் என்று பயம், அசைக்காவிட்டால் ஒட்டிக்கொள்ளும். அதனால் சில நாட்களிலேயே கை சிகிச்சை நிபுணர், அளந்து அளந்து அசைக்கச் சொல்வார். பளுவான வேலைக்குத் திரும்ப மூன்று மாதம் வரை ஆகலாம். தைத்த நரம்பு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல் நுனிக்குப் போய்ச்சேர ஆறு மாதமாவது ஆகும். பீடி, சிகரெட் அடியோடு கூடாது. நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும்.

இவ்வளவு நாள் சம்பளம் இல்லாமல், ஊரை விட்டு வந்து அறையெடுத்துத் தங்கியிருக்கும் ஒரு பையனால் எத்தனை முறை பிசியோதெரபிக்கு வர முடியும்? நல்ல அறுவை சிகிச்சை வீணாவது பல நேரம் இந்தக் கட்டத்தில்தான். சிகிச்சைக்கால ஊதியம் என்பதை உதவித்தொகையாகப் பார்க்க முடியாது. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

பட்டியலில் இருப்பதுதான் முடிவா?

இல்லை. இதைத்தான் பலர் தெரிந்துகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலாவது, ஒரு விரலோ கையோ துண்டாகாமலே முற்றிலும், நிரந்தரமாகப் பயனற்றுப்போனால், அது இழந்ததற்குச் சமம் என்று பட்டியலின் குறிப்பே சொல்கிறது. பாதி விறைப்பு, மரத்துப்போதல் போன்றவை பட்டியலில் இல்லாத காயங்கள். அவற்றுக்கு மருத்துவர் மதிப்பிட்டுச் சான்று தருவார். அதனால் எந்த விரல் எத்தனை பாகை மடங்குகிறது, பிடியின் வலு எவ்வளவு, உணர்ச்சி எங்கே இல்லை என்பதெல்லாம் சான்றில் எழுதப்பட வேண்டும். 'விரல் இருக்கிறது' என்று ஒரே வரியில் முடித்தால் நஷ்டம் தொழிலாளிக்கு.

இரண்டாவது, வேலையைப் பார்க்க வேண்டும். பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபதா வழக்கில் 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்றும் பேசப்படுகிறது. ஒரு தச்சரின் இடது கை முழங்கைக்கு மேலே அகற்றப்பட்டது. பட்டியலில் அதற்குத் தனிச் சதவீதம் இருந்தது. ஆனால் ஒற்றைக் கையோடு தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் 100 சதவீத இழப்பு என்பதை நீதிமன்றம் ஏற்றது. உடல் ஊனம் ஒன்று, பிழைப்பு ஊனம் இன்னொன்று என்ற வேறுபாடு அதற்குப் பிறகு பல தீர்ப்புகளில் வந்திருக்கிறது. 2010-ன் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு, மோட்டார் விபத்து வழக்குகளுக்கு இதையே விரிவாக வகுத்துத் தந்தது.

மூன்றாவது, 'பத்தாயிரம் வாங்கிக்கோ, இதுல ஒரு கையெழுத்துப் போடு' என்று வாங்கும் காகிதம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிவாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது.

நான்காவது, காப்பு. தொழிலாளி வேண்டுமென்றே பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றியதால் விபத்து என்றால், மரணமும் முழு ஊனமும் தவிர்த்த காயங்களில் முதலாளி பொறுப்பிலிருந்து தப்பலாம். விரல் இழப்பு பட்டியலில் 'பகுதி ஊனம்'. ஆக, இந்த வாதம் சரியாக விரல் வழக்கில்தான் வந்து நிற்கும். எண்ணிக்கை ஏற வேண்டும் என்று சென்சாரை அணைத்துவிட்டு ஓட்டச் சொன்னது யார் என்ற கேள்வி அப்போது முக்கியம். சாட்சியும் போட்டோவும் அதைவிட முக்கியம்.

இஎஸ்ஐ மருத்துவ வாரியத்தின் சதவீதம் குறைவு என்று தோன்றினால் மேல்முறையீடு உண்டு. விபத்து அறிக்கையின் நகல், முதல் மருத்துவமனையின் சீட்டு, எக்ஸ்ரே, சம்பளச் சீட்டு நான்கையும் பத்திரமாக வைத்திருப்பது பின்னால் கைகொடுக்கும்.

விரலே போகாமல் இருக்க?

இதில் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்று வைத்தால், கை டைக்குள் இருக்க வாய்ப்பே இல்லை. ஒளித்திரை சென்சார் இருந்தால், விரல் குறுக்கே வந்ததும் மெஷின் நிற்கும். கால் பெடலை மிதித்து, கையால் ஷீட்டை வைத்து எடுக்கும் பழைய பிரஸ்தான் எமன்.

அபாயமான இயந்திரத்துக்கு வேலி போட வேண்டும் என்பது 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. இப்போதைய பணிப் பாதுகாப்புத் தொகுப்பில் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் 'தொழிற்சாலை' என்றிருந்தது, 20 பேர் என்று உயர்ந்திருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்குத் தொகுப்பின் பொதுவான கடமைகள் பொருந்தும். ஆனால் தொழிற்சாலைக்கென்றே உள்ள விதிகளின் வட்டத்திலிருந்து 12 பேர், 15 பேர் வேலை செய்யும் பட்டறைகள் வெளியே போகின்றன. பெரிய கம்பெனியின் காருக்கு உள்ளே போகும் சின்னச் சின்னத் தகடுகளை அடிக்கும் பிரஸ் பல, அப்படிப்பட்ட பட்டறையில்தான் ஓடுகிறது.

எனவே கேட்க வேண்டியவை மூன்று. உதிரிபாகம் வாங்கும் பெரிய நிறுவனங்கள், பொருளின் தரத்தைச் சோதிப்பது போலவே அதைச் செய்யும் பிரஸ்ஸின் காப்பையும் சோதிக்க வேண்டும். சாலை விபத்துக்கு இருப்பது போல, துண்டான கைக்கு எந்த மருத்துவமனை என்று ஒவ்வொரு தொழிற்பேட்டைக்கும் ஒரு பட்டியலும் ஒரு போன் நம்பரும் வேண்டும். மூன்றாவது, பழைய சட்டத்திலிருந்து தொடரும் அந்தச் சதவீதப் பட்டியலைக் கை அறுவை மருத்துவர்களை உட்காரவைத்துத் திருத்தி எழுத வேண்டும். நீளத்தை மட்டுமல்ல, பிடியையும் உணர்ச்சியையும் அளக்கிற மாதிரி.

அதுவரை 'ஒரு விரல்தானே போச்சு' என்று யாராவது சொன்னால், அவரை மோதிர விரலை நீட்டிப் பிடித்துக்கொண்டு கையை மூடச் சொல்லுங்கள்.